பின்னால் இடிபட்ட கழுத்தும் ‘நார்மல்’ ஸ்கேனும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்கழி, தை பனிமூட்டத்தில் தேசிய நெடுஞ்சாலைகளில் வாகனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மோதிக்கொள்ளும் செய்திகள் ஆண்டுதோறும் தங்கள் நாளிதழில் வருகின்றன. இறந்தவர்கள், கை கால் முறிந்தவர்கள் கணக்கு அதில் இருக்கும். பின்னாலிருந்து இடிவாங்கிய காரிலிருந்து தாமாகவே இறங்கி, போலீசிடம் பெயரைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனவர்கள் எந்தக் கணக்கிலும் வர மாட்டார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் சில மாதங்கள் கழித்து வலி சிகிச்சைப் பிரிவுகளின் வாசலில் நிற்கிறார்கள். கையில் தடிமனான ஃபைல். அதற்குள் ‘முறிவு இல்லை’ என்று ஒரு எக்ஸ்ரே, ‘லேசான டிஸ்க் வீக்கம்’ என்று ஒரு எம்.ஆர்.ஐ., நரம்புச் சத்து மாத்திரைச் சீட்டுகள், கடைசியாக மனநல மருத்துவரைப் பார்க்கச் சொல்லி ஒரு கடிதம். வலி மட்டும் அப்படியே இருக்கிறது. இந்த ஃபைல் எப்படி உருவாகிறது, அதில் விடுபட்ட சோதனை எது என்பதைத் தங்கள் வாசகர்களுக்குச் சொல்லவே இக்கடிதம்.

நிற்கும் காரைப் பின்னாலிருந்து இன்னொரு வண்டி இடித்தால் முதலில் நகர்வது உடம்புதான். சீட்டின் சாய்மானம் நம் முதுகை முன்னே தள்ளுகிறது. வளைந்திருந்த மேல்முதுகு நிமிர்வதால் உடம்பு சற்று மேலேயும் எழும்புகிறது. நாலரை முதல் ஐந்து கிலோ எடையுள்ள தலை அந்தக் கணத்தில் இருந்த இடத்திலேயே இருக்க, நடுவில் மாட்டிக்கொள்கிறது கழுத்து. சுமார் 0.1 விநாடிக்குள் கழுத்தின் கீழ்ப்பகுதி பின்புறமாகவும் மேல்பகுதி முன்புறமாகவும் வளைந்து, ஆங்கில ‘எஸ்’ எழுத்தின் வடிவத்துக்கு வருகிறது. தலை பின்னால் சாய்வதும், பிறகு முன்னால் விழுவதும் அதற்கப்புறம்தான். கழுத்துத் தசைகள் இறுகிப் பிடிப்பதற்குள் சேதம் நடந்து முடிந்திருக்கும்.

ஜப்பானில் 10 ஆரோக்கியமான தன்னார்வலர்களைச் சறுக்கு இருக்கையில் உட்காரவைத்து, மணிக்கு 4 கி.மீ. வேகத்தில் மோதச்செய்து, எக்ஸ்ரே படமாகப் பதிவுசெய்தார்கள். ஆய்வு 1999-இல் வெளியானது. 4 கி.மீ. என்பது நாம் நடக்கும் வேகம். அந்த வேகத்திலேயே ஐந்தாம், ஆறாம் கழுத்து முள்ளெலும்புகளுக்கு இடையே எலும்பு சுழலும் அச்சு வழக்கமான இடத்தைவிட்டு மேலே நகர்ந்தது. முன்பக்கம் அளவுக்கு மீறித் திறந்துகொள்ள, பின்பக்கத்தில் மூட்டுகளின் விளிம்புகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

இடித்துக்கொள்ளும் அந்த மூட்டுகளுக்கு ஃபேசட் மூட்டு என்று பெயர். கழுத்து என்றாலே ‘டிஸ்க்’, ‘ஜவ்வு’ என்று பேசிப் பழகிவிட்டதால் இவற்றைப் பலர் கேள்விப்பட்டதே இல்லை. இரண்டாம் கழுத்தெலும்பிலிருந்து முதல் மார்பு முள்ளெலும்பு வரை, பக்கத்துக்கு ஆறாக இந்த மூட்டுகள் பின்புறம் அடுக்கடுக்காக இருக்கின்றன. ஒவ்வொன்றும் சுமார் ஒரு செ.மீ. அகலம்தான். உள்ளே ஒரு மில்லி திரவம்கூடத் தாராளமாகப் போகாது. ஆனாலும் முழங்காலில் உள்ளதெல்லாம் இங்கேயும் உண்டு: குருத்தெலும்பு, மூட்டு உறை, உறையிலிருந்து உள்ளே நீளும் மெல்லிய மடிப்பு. உறையிலும் மடிப்பிலும் வலியை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன.

விபத்தில் இங்கே பலவிதமாக அடிபடலாம். உறை கிழியாமலேயே அளவுக்கு மீறி இழுபடும். உள்மடிப்பு இரண்டு எலும்புகளுக்கு நடுவில் நசுங்கும். மூட்டுக்குள் ரத்தம் கசியும். குருத்தெலும்பில் சிராய்ப்பு விழும், அடியில் உள்ள எலும்பில் மயிரிழை விரிசலும் வரலாம். ஆஸ்திரேலியாவில் விபத்துகளில் இறந்தவர்களின் கழுத்தை மெல்லிய சீவல்களாக வெட்டிப் பார்த்த ஆய்வாளர்கள் (1993) இத்தகைய ரத்தக் கசிவையும், டிஸ்க்கின் விளிம்பில் பிளவுகளையும் கண்டார்கள். எக்ஸ்ரேயில் பிடிபடாத காயங்கள் இவை.

வலி ஏன் ஆறாமல் நீடிக்கிறது? ஒரு காரணம் எளிது: குருத்தெலும்புக்கு ரத்த ஓட்டம் கிடையாது, அது சரியாக ஆறாது. இன்னொன்று இழுபட்ட உறை. ஆடுகளில் நடத்திய சோதனைகளில், மூட்டு உறையை அளவுக்கு மீறி இழுத்துத் தளர்த்திய பிறகும் அதன் வலி நரம்புகள் சில, தூண்டுதலே இல்லாமல் சமிக்ஞை அனுப்பிக்கொண்டே இருந்தன. எலிகளில், உறை கிழியாத அளவுக்கு இழுத்தாலே தண்டுவட நரம்பணுக்கள் சாதாரணத் தொடுதலுக்கும் மிகையாக எதிர்வினை காட்டத் தொடங்கின. மாதக்கணக்கில் இது தொடரும்போது வலியின் எல்லை விரிகிறது. கழுத்தில் தொடங்கியது தோள்பட்டை, தலை, தூக்கம், குளிர்ந்த தண்ணீர் பட்டாலே கூச்சம் என்று பரவும். குளிர் தாங்காமை, முதல் வாரத்திலேயே 10-க்கு 6 அல்லது அதற்குமேல் வலி, விபத்துக் காட்சி திரும்பத் திரும்ப வந்து தூக்கம் கெடுவது ஆகிய மூன்றும் வலி நீடிக்கப்போவதற்கான முன் அடையாளங்களாக அறியப்பட்டவை. முதல் சந்திப்பிலேயே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியவை. கேட்பவர்கள் குறைவு.

இப்போது எம்.ஆர்.ஐ.க்கு வருவோம். நோயாளி அசையாமல் மல்லாந்து படுத்திருக்க எடுக்கும் படம் அது. தண்டுவடம், டிஸ்க், நரம்பு வேர் ஆகியவற்றைப் பார்க்க அதற்கு நிகரில்லை. ஒரு செ.மீ. மூட்டின் மெல்லிய உறையில் உள்ள கோளாறை அதில் தேடுவதோ, நிறுத்திவைத்த பேருந்தைப் படம் எடுத்து ஓடும்போது ஏன் கிறீச்சிடுகிறது என்று கண்டுபிடிக்கப் பார்ப்பதற்குச் சமம். போதாக்குறைக்கு, சம்பந்தமில்லாத ஒன்றை அது காட்டியும் தருகிறது. ஜப்பானில் கழுத்தில் எந்தத் தொந்தரவும் இல்லாத 1,211 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்த ஆய்வில் (2015) 87.6 சதவீதம் பேருக்கு டிஸ்க் வீக்கம் இருந்தது. இருபதுகளில் இருந்தவர்களிலேயே பத்துக்கு ஏழு பேருக்கு மேல். ஆகவே ‘லேசான டிஸ்க் வீக்கம், தேய்மானம்’ என்ற ரிப்போர்ட் வரி, விபத்துக்கு முன் எடுத்திருந்தாலும் பெரும்பாலும் வந்திருக்கும். அந்த வரியை வைத்துக்கொண்டு ‘வயசானா இப்படித்தான்’ என்று அனுப்புவதும், அதே வரியை வைத்து ஆபரேஷனுக்குத் தேதி குறிப்பதும் ஒரே தவறின் இரு பக்கங்கள்.

மூட்டைப் படத்தில் பார்க்க முடியாது, ஆனால் சோதிக்க முடியும். ஒவ்வொரு ஃபேசட் மூட்டுக்கும் மேலிருந்து ஒன்று, கீழிருந்து ஒன்று என இரண்டு சிறு நரம்புக் கிளைகள் உணர்வு தருகின்றன. இரண்டாம், மூன்றாம் எலும்புகளுக்கு இடைப்பட்ட மேல் மூட்டுக்கு மட்டும் பிரதானமாக ஒரே நரம்பு. அந்தக் கிளைகளை மரத்துப்போக வைத்தால் வலி நிற்கிறதா என்று பார்ப்பதுதான் சோதனை. ஆஸ்திரேலியாவின் நியூகாசில் நகரில் போக்டுக் என்ற ஆய்வாளர் தலைமையிலான குழு இதை முறைப்படுத்தியது. விபத்துக்குப் பின் வலி நீடித்த 50 பேரை அவர்கள் சோதித்தபோது 54 சதவீதம் பேருக்கு வலியின் ஊற்று ஃபேசட் மூட்டுதான் (1995). தலைவலியே பிரதானமாக இருந்தவர்களில் பாதிக்குமேல் மேல் மூட்டுதான் காரணம். ‘ஒற்றைத் தலைவலி’ என்று வருடக்கணக்கில் மாத்திரை தின்பவர்களில் சிலரிடம், ‘விபத்து ஏதும் நடந்ததா?’ என்று கேட்டாலே பாதை மாறும்.

எந்த மூட்டு என்பதை ஊகிக்க வலி பரவும் இடம் உதவும். மேல் மூட்டின் வலி பிடரியிலிருந்து தலைக்கு ஏறி, நெற்றிவரைகூட வரும். நான்கு-ஐந்து மூட்டு கழுத்தும் தோளும் சேரும் வளைவில் வலிக்கும். ஐந்து-ஆறு என்றால் தோள்பட்டையின் மேல்புறம். ஆறு-ஏழு என்றால் சப்பை எலும்பின் மேல். தோளை எல்லாப் பக்கமும் தாராளமாகச் சுழற்ற முடிந்தும் ‘தோள்பட்டை வலி’ என்று தோளில் ஊசி போட்டுக்கொண்டவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கவும்.

சோதனையைச் சரியாகச் செய்வதில்தான் எல்லாம் இருக்கிறது. அன்று காலை வலி மாத்திரை எடுக்கக் கூடாது. வலி 10-க்கு 4-ஆவது இருக்கும்போதுதான் ஊசி போடவேண்டும். வலியே இல்லாத நாளில் போட்டால் எதை அளப்பது? சி-ஆர்ம் என்ற, ஊசி போகும்போதே படம் காட்டும் எக்ஸ்ரேயில் பார்த்தபடி, எலும்புத் தூணின் இடுப்புபோன்ற குறுகிய இடத்தில் நரம்பு ஒட்டிச் செல்லும் புள்ளிக்கு ஊசியைக் கொண்டுபோய், ஒரு புள்ளிக்கு 0.3 மில்லி மரப்பு மருந்து போதும். ஒன்றிரண்டு மில்லி செலுத்தினால் மருந்து தசைக்கும் பக்கத்து நரம்புகளுக்கும் பரவும். வலி நிற்கும், எதனால் நின்றது என்பது தெரியாது. அதே காரணத்தால் ஸ்டீராய்டையும் இதில் கலக்கக் கூடாது, மயக்கமும் கொடுக்கக் கூடாது. ஊசி முடிந்ததும் நோயாளியைப் படுக்கவைத்துவிடக் கூடாது. வழக்கமாக எந்த அசைவில் வலிக்குமோ அதை, பின்னால் திரும்பி வண்டியை ரிவர்ஸ் எடுப்பதுபோல, செய்யச் சொல்லி அரைமணிக்கு ஒருமுறை எண்ணால் எழுதவைக்க வேண்டும். வலி 80 சதவீதமாவது குறைந்தால்தான் ‘ஆம்’.

ஒரு ஊசியோடு முடிவுக்கு வருவதும் கூடாது. கழுத்தில் ஒற்றைச் சோதனை சுமார் 27 சதவீதம் பேரிடம் தவறாக ‘ஆம்’ சொல்கிறது. அதனால் இரண்டு தனித்தனி நாள்கள், இரண்டு மருந்துகள். லிக்னோகெய்ன் சில மணி நேரம்தான் நிற்கும், பியூபிவகெய்ன் அதைவிட நீண்ட நேரம். எந்த நாளில் எது என்பது நோயாளிக்குத் தெரியக் கூடாது. நிவாரணம் நீடித்த நேரமும் மருந்தோடு ஒத்துப்போனால் சந்தேகம் பெரிதும் தீரும். இரண்டு முறை வரச் சொன்னால் ‘காசு பிடுங்கறாங்க’ என்று தோன்றுவது இயல்பு. ஒரே ஊசியை நம்பி அடுத்த கட்டத்துக்குப் போனால் நாலில் ஒருவருக்குச் சம்பந்தமில்லாத நரம்பைச் சுடுவதாக முடியும் என்பதை எடுத்துச் சொன்னால் யாரும் மறுப்பதில்லை.

சுடுவதுதான் அடுத்த கட்டம். ரேடியோ ஃப்ரீக்வென்சி (ஆர்.எஃப்.) மின்முனையால் அந்தச் சிறு கிளையை சுமார் 80 டிகிரி செல்சியஸில் 90 விநாடி சூடாக்கி, வலிச் செய்தியைத் துண்டிக்கும் முறை. 1996-இல் நியூகாசில் குழு 24 பேரை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு உண்மையான சூடும் மீதிப் பேருக்கு 37 டிகிரியில் பொய்ச் சூடும் கொடுத்தது. பழைய வலியில் பாதி திரும்பிவர உண்மையான சிகிச்சை பெற்றவர்களுக்கு இடைநிலை அளவில் 263 நாளானது. மற்றவர்களுக்கு 8 நாள். நரம்பு மறுபடி வளரும், சுமார் ஒன்பது மாதத்திலிருந்து ஓராண்டுக்குள் வலி திரும்பலாம், அப்போது மறுபடி செய்யலாம். மூட்டை இது குணப்படுத்துவதில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

இங்கும் கைத்திறன்தான் பேசும். மின்முனையைச் சுற்றிப் பக்கவாட்டில்தான் சூடு பரவும், நுனிக்கு முன்னால் அதிகம் போகாது. எனவே முனை நரம்பின்மேல் இணையாகப் படுக்க வேண்டும். செங்குத்தாகக் குத்தினால் நரம்பில் ஒரு புள்ளிகூடச் சரியாகச் சுடாது, நோயாளி ‘ஆர்.எஃப். செஞ்சும் பிரயோஜனமில்லை’ என்று முறையையே குறை சொல்வார். நரம்பின் போக்கு ஆளுக்கு ஆள் மாறுவதால் அருகருகே இரண்டு மூன்று முறை சுட வேண்டிவரும். அவசரமாகப் பத்து நிமிடத்தில் முடிகிற வேலை இல்லை. பிறகு சில வாரம் புண்போல வலியும், தோலில் மரமரப்பும் இருக்கும். மேல் மூட்டில் செய்தால் சில நாள் நடை தள்ளாடுவதுபோல உணரலாம். பேஸ்மேக்கர், ரத்தம் உறையாமைக்கு மருந்து இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி பற்றியும் ஒரு வார்த்தை. 1994-இல் விபத்து வலிக்காரர்கள் 41 பேரிடம் ஸ்டீராய்டையும் வெறும் மரப்பு மருந்தையும் ஒப்பிட்டார்கள். பாதி வலி திரும்ப ஸ்டீராய்டுக்கு 3 நாள், மரப்பு மருந்துக்கு மூன்றரை நாள். முப்பது ஆண்டுகளாகியும் இந்த ஊசி தாராளமாகப் போடப்படுவதற்கு மருத்துவக் காரணம் எதுவும் புலப்படவில்லை.

இதெல்லாம் மூன்று மாதத்துக்குப் பிறகும் வலி விடாதவர்களுக்கு. முதல் நாள் செய்யவேண்டியது வேறு. 65 வயதோ அதற்கு மேலோ ஆனவர், கை கால் மரத்துப்போனவர், பலமான மோதலில் சிக்கியவர் ஆகியோருக்குப் படம் எடுக்காமல் கழுத்தை அசைக்கவே கூடாது. மற்றவர்கள் தலையை இருபுறமும் 45 டிகிரி திருப்ப முடிந்தால், எலும்பு முறிவுக்கு வாய்ப்பு மிகக் குறைவு என்பது யாருக்குக் கழுத்துப் படம் தேவை என்று தீர்மானிக்க 2001-இல் வெளியான கனடா விதி. சாதாரணமாகப் பின்னால் இடிபட்டதை அந்த விதி ஆபத்துக் குறைந்த விபத்தாகக் கணக்கிடுகிறது. ஆனால் இடித்தது பஸ் அல்லது லாரி என்றால் அந்தச் சலுகை கிடையாது. நம் சாலைகளில் இந்த விதிவிலக்கை நினைவில் வைக்க வேண்டும்.

முறிவு இல்லை என்று உறுதியானபின் கழுத்துப் பட்டை (காலர்) தேவையில்லை. வாரக்கணக்கில் காலர் போட்டால் தசை மெலிகிறது, அசைக்கப் பயம் வருகிறது. விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கு ஒருமுறை, தலையை மெதுவாக இடம் வலமாகப் பத்து முறை, வலி கூடும் எல்லைக்கு முன்பே நிறுத்தித் திருப்பினால் போதும். வலிக்குப் பாராசிட்டமால், பெரியவர்களுக்கு ஒரு நாளில் எல்லாம் சேர்த்து 4 கிராமைத் தாண்டாமல். ஈரல் நோய், குடிப்பழக்கம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டு அளவைக் குறைக்க வேண்டும். பத்துப் பதினைந்து நாளில் பிசியோதெரபிஸ்ட்டிடம் கழுத்தின் முன்புற ஆழத்தசைப் பயிற்சி தொடங்கலாம்: மல்லாந்து படுத்து, தலையைத் தூக்காமல், ‘ஆமாம்’ என்பதுபோல மோவாயை லேசாக உள்ளிழுத்து 10 விநாடி, பத்து முறை. கழுத்தின் மேல்தசை விறைத்தால் பலத்தைக் கூட்டிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

சலூனில் தலையைப் பிடித்து ‘டக்’கென்று முறுக்கிச் சொடுக்கு எடுப்பதும், சுளுக்கு வழிப்பவரிடம் கழுத்தைக் கொடுப்பதும் வலி உள்ள இந்த நாள்களில் அறவே கூடாது. முள்ளெலும்புகளுக்குள் ஊடுருவி மூளைக்குப் போகும் ரத்தக் குழாயின் உட்சுவர் திடீர் முறுக்கில் கிழிந்தால் பக்கவாதம் வரும். நல்ல கழுத்துக்கே அது ஆபத்து.

தடுப்பு என்று பார்த்தால், ஓட்டுநர்கள் ஹெட்ரெஸ்ட்டைச் சரிசெய்ய இருபது விநாடி ஆகும். அதன் மேல்விளிம்பு தலையின் உச்சிக்குச் சமமாக, குறைந்தபட்சம் காதின் மேல்விளிம்புக்காவது வரவேண்டும். பிடரிக்கும் அதற்கும் இடைவெளி 5 செ.மீ.க்கு மேல் கூடாது. வாடகைக் கார்களில் பெரும்பாலும் அது அடிவரை இறக்கப்பட்டே இருக்கிறது. அந்த நிலையில் தலையைத் தாங்காமல், கழுத்துக்கு நெம்புகோலின் முட்டாகத்தான் பயன்படும்.

‘இழப்பீட்டுக்காக நடிக்கிறார்கள்’ என்ற பேச்சுக்கு லிதுவேனியா ஆய்வை (1996) மேற்கோள் காட்டுவது வழக்கம். இழப்பீட்டுப் பழக்கமே இல்லாத அந்நாட்டில், பின்னால் இடிபட்ட 202 பேரில் 35 சதவீதம் பேருக்கும், விபத்தே காணாதவர்களில் 33 சதவீதம் பேருக்கும் கழுத்து வலி இருந்தது உண்மைதான். ஆனால் அந்த ஆய்வு இடிபட்ட கார்களில் இருந்தவர்களை எல்லாம் சேர்த்துக்கொண்டது. விபத்தன்று கழுத்து வலி வந்தவர்களை மட்டும் தொடரவில்லை. வலி வந்தவர்களைத் தொடர்ந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் (2008) ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஓராண்டு கழித்தும் ஏதோ ஒரு அளவில் வலி இருக்கிறது. ‘மனசுதான் காரணம்’ என்பவர்களுக்கும் ஒரு பதில் 1997-இலேயே கிடைத்துவிட்டது: நரம்பைச் சுட்டு வலி முழுதாக நின்றவர்களுக்கு, தனியாக மனநல சிகிச்சை எதுவும் இல்லாமலே மன உளைச்சலும் தீர்ந்தது. நடிப்பவர்களே இல்லை என்று சொல்லவில்லை. மருந்து எதுவென்று தெரியாமல் இரு நாள் நடக்கும் சோதனையில் நடித்துத் தப்புவது கடினம் என்பதால், உண்மையானவரைப் பிரித்தறியவும் அந்தச் சோதனைதான் உதவும்.

கடைசியாக, அரசுக்கும் வழக்காடுபவர்களுக்கும். 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாகத் தருகிறது. உயிர் காக்கும் நல்ல திட்டம். இந்தக் கழுத்து வலியோ பலருக்கு மறுநாள் காலையில்தான் தலைகாட்டும், சிலருக்கு இரண்டு மூன்று நாள் தள்ளி. அதற்குள் ஏ.ஆர். காப்பியில் (மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல்) ‘வெளிக்காயம் இல்லை’ என்று எழுதி முடித்திருப்பார்கள். அதே இடத்தில் மூன்று விவரம் சேர்த்தால் போதும்: வலி 10-க்கு எத்தனை, தலை இடமும் வலமும் எத்தனை டிகிரி திரும்புகிறது, கை கால் உணர்வும் பலமும் எப்படி. வலி மறுநாள் வந்தால் மறுநாளே அதே மருத்துவமனைக்குப் போய்ப் பதிவுசெய்ய வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-ஆம் பிரிவில் 2022 ஏப்ரல் முதல் இழப்பீட்டு மனுவுக்கு ஆறு மாதக் கெடு வந்திருக்கிறது. மூன்று மாதம் பிசியோதெரபி, பிறகு இரண்டு சோதனை ஊசிகள் என்று போனால் கெடு நெருங்கிவிடும். சிகிச்சை முடியட்டும் என்று காத்திராமல் மனுவை முதலில் தாக்கல் செய்துவிட்டு, சோதனை ஊசிகளின் அரைமணிக் கணக்கு எழுதிய தாள் உள்பட மருத்துவச் சான்றுகளை விசாரணையின்போது தீர்ப்பாயத்தில் கொடுக்கலாம்.

இப்படிக்கு,
வலி சிகிச்சை மருத்துவரும் இயன்முறை சிகிச்சையாளரும்,
கோயம்புத்தூர்.